மலையைத் துணைக்கு அழைத்த மாவீரர் சிவாஜி



ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்த ஒரு நாள், கொரில்லாப் போர் என்ற சொல் நடுவில் வந்து விழுந்தது. பின்வரிசையில் ஒரு பையன் எழுந்து, அது குரங்குகள் போடுகிற சண்டையா ஐயா என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். ஆனால் கேட்டது நல்ல கேள்வி. அன்றைக்குச் சரியாகப் பதில் சொல்ல நேரம் போதவில்லை. அந்தக் கடனை இந்த மலரில் தீர்த்துக்கொள்கிறேன்.

இது ஸ்பானிய மொழிச் சொல். குட்டிப் போர் என்பது பொருள். 1808இல் நெப்போலியனின் படை ஸ்பெயின் நாட்டுக்குள் புகுந்தபோது, அந்நாட்டுக் குடியானவர்கள் சிறு சிறு கூட்டமாக மலையிலிருந்து இறங்கி அடித்துவிட்டு, மறுபடி மலைக்குள் மறைந்தார்கள். அப்போதுதான் இந்தப் பெயர் உலகமெல்லாம் பரவியது. பெயர்தான் புதிது, வேலை பழையது. அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே, இந்தியாவின் மேற்கு மலைத் தொடரில் ஒருவர் இந்தக் கலையைக் கரைத்துக் குடித்திருந்தார். அவர்தான் மராட்டிய மன்னர் சத்ரபதி சிவாஜி.

சிவாஜி என்றால் நம்மில் பாதிப் பேருக்கு நடிகர் திலகம்தான் முதலில் நினைவுக்கு வருவார். அதிலும் தப்பில்லை. வி.சி. கணேசன் என்ற இளைஞர், அறிஞர் அண்ணா எழுதிய நாடகத்தில் இந்த மன்னராக நடித்தார். அந்த நடிப்பைப் பாராட்டித் தந்தை பெரியார் அவரைச் சிவாஜி கணேசன் என்று அழைத்தார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. நான் சொல்லப்போவது அந்தப் பெயருக்குச் சொந்தக்காரரின் கதை.

1630ஆம் ஆண்டில், புனாவுக்கு வடக்கே உள்ள சிவநேரிக் கோட்டையில் அவர் பிறந்தார். தந்தை ஷாஜி போன்ஸ்லே முதலில் அகமதுநகர் சுல்தானிடமும் பிறகு பீஜப்பூர் சுல்தானிடமும் படைத்தலைவராக இருந்தவர். அவர் பெங்களூர்ப் பக்கம் போய்விட்டார். பிள்ளையை வளர்த்து ஆளாக்கியது தாய் ஜீஜாபாய். புனாவைச் சுற்றியிருந்த ஜாகீர் நிலத்தைத் தாதாஜி கொண்டதேவ் என்ற பெரியவர் நிர்வாகம் செய்தார். பையன் ஏட்டுக் கல்வி எவ்வளவு கற்றார் என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் வாதம் உண்டு. மலைக் கல்வியில் மட்டும் யாருக்கும் சந்தேகமில்லை. சகியாத்திரி மலையின் பள்ளத்தாக்குகளில் வாழ்ந்த மாவலிகள் என்ற ஏழைக் குடியானவர்களோடுதான் அவர் சுற்றித் திரிந்தார். விடியாத இருட்டில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போகிற நம்ம பால்மரத் தொழிலாளிக்கு எந்த மேட்டில் எந்த மரம், எங்கே வழுக்கும், எங்கே ஓடை என்று கால்களே சொல்லுமல்லவா? மாவலிகளுக்கு அந்த மலை அப்படித்தான். பிற்காலத்தில் சிவாஜியின் காலாட்படை என்று பேர் வாங்கியவர்கள் இவர்களே. 1646இல் தோரணா கோட்டை கைக்கு வந்தபோது அவருக்கு வயது 16.

அந்தக் காலத்துப் பேரரசுகளின் படை எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் இவர் செய்தது விளங்கும். ஒரு முகலாயத் தளபதி புறப்பட்டால் ஓர் ஊரே புறப்பட்ட மாதிரி. முன்னால் யானைகள். பின்னால் மாடுகள் பூட்டி இழுக்கிற கனத்த பீரங்கிகள். ஒட்டகங்கள், கூடாரங்கள், சமையற்காரர்கள், கூடவே வரும் கடைத்தெரு, குடும்பங்கள் வேறு! சமவெளியில் எதிரியை நேருக்கு நேர் நிறுத்திப் பீரங்கியால் அடித்து, குதிரைப்படையை ஏவினால் எதிரே யாரும் நிற்க முடியாது. அப்படிப்பட்ட போரில் ஆள்பலம், ஆயுதபலம், பணபலம் மூன்றும் உள்ளவன் வெல்வான். சிவாஜியிடம் இந்த மூன்றுமே குறைவு. சமவெளியில் அணிவகுத்து நின்றிருந்தால் ஒரே பகலில் கதை முடிந்திருக்கும்.

ஆகவே அவர் என்ன செய்தார்? பெரிய படையின் பலத்தையே அதற்குப் பாரமாக்கினார். பீரங்கி ஏற முடியாத மலைப்பாதை, யானை திரும்ப முடியாத கணவாய், சேறாகிவிடும் மழைக்காலம், இவையெல்லாம் அவருக்குச் சம்பளம் வாங்காத சிப்பாய்கள். முன்னோடியே இல்லாமல் அவர் இதைக் கண்டுபிடித்துவிடவில்லை. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்டு, அகமதுநகர் அரசின் அமைச்சராகவே உயர்ந்த மாலிக் அம்பர், முகலாயரை இந்த முறையில்தான் ஆண்டுக்கணக்கில் அலைக்கழித்தார். சிவாஜியின் தந்தை ஷாஜியும் அந்தப் படையில் இருந்தவர்தான். மராட்டியர் இந்தப் போர்முறையைக் கனிமி காவா என்பார்கள்.

1659இல் பீஜப்பூரிலிருந்து அப்சல்கான் பெரும் படையோடு வந்த கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். பிரதாப்கட் கோட்டையின் அடிவாரத்தில் இருவரும் சந்தித்தது, தழுவியது, புலிநகம் என்ற ஆயுதம், எல்லாம் நாடகங்களில் வந்ததுதான். யார் முதலில் கை ஓங்கினார் என்பதில் இரு தரப்பும் வேறுவேறாகச் சொல்லும். எனக்கு அந்தப் புலிநகத்தைவிடப் பெரிதாகத் தோன்றுவது வேறு. சமவெளியில் நிம்மதியாக இருந்த ஒரு பெரிய படையை, பயந்தவர் போலத் தூது அனுப்பி, தன்னுடைய காட்டுக்குள் வரவழைத்தாரே, அதுதான். அந்தக் காட்டுக்குள் நுழைந்த அன்றே பாதிப் போர் முடிந்துவிட்டது. கோட்டையிலிருந்து பீரங்கி வெடித்துச் சைகை கொடுத்ததும் மறைந்திருந்த மாவலிகள் நாலா பக்கமும் பாய்ந்தார்கள். போர் ஓய்ந்த பிறகு அப்சல்கானின் உடலை அவருடைய மத முறைப்படி அடக்கம் செய்யச் சொன்னார் சிவாஜி. அந்தச் சமாதி பிரதாப்கட் அடிவாரத்தில் உள்ளது.

இதைவிடச் சுத்தமான பாடம் 1661இல் உம்பர்கிண்டு என்ற கணவாயில் நடந்தது. அதிகம் பேர் இதைச் சொல்வதில்லை. கர்தலப்கான் என்ற முகலாயத் தளபதி, மலையைக் கடந்து கொங்கணக் கடற்கரைக்கு இறங்கப் பார்த்தார். வழியெங்கும் ஒருவரும் தடுக்கவில்லை. அதுவே ஆபத்து என்று அவருக்குத் தோன்றவில்லை. ஒடுங்கிய காட்டுக் கணவாயில் படை முழுதும் நுழைந்தபின் முன்னும் பின்னும் வழி அடைபட்டது. மேலிருந்து அம்பும் குண்டும் கல்லும் வந்தன. குடிக்கத் தண்ணீர் இல்லை. திரும்பவும் இடமில்லை. முகலாயர் பக்கம் இருந்த ராய் பாகன் என்ற பெண் தளபதிதான், வீம்பு பார்க்காமல் சமாதானம் பேசுங்கள் என்று கர்தலப்கானுக்கு யோசனை சொன்னார். பணத்தையும் பொருளையும் வைத்துவிட்டு உயிரோடு போகலாம் என்று சிவாஜி வழிவிட்டார். அத்தனை பேரையும் வெட்டிச் சாய்த்திருக்கலாம், செய்யவில்லை. வழி விட்டால் எதிரி பணிவான், அடைத்தால் சாகத் துணிவான் என்ற கணக்கு அவருக்குத் தெரிந்திருந்தது.

பிள்ளைகளே, இதுவரை கேட்டதை வைத்து இது சுலபமான போர், அடித்துவிட்டு ஓடிவிடலாம் என்று எண்ணிவிடாதீர்கள். ஒருவர் ஓடித் தப்ப வேண்டுமானால் இன்னொருவர் நின்று சாக வேண்டியிருக்கும். 1660இல் பன்ஹாளா கோட்டையில் சிவாஜி மாட்டிக்கொண்டார். பீஜப்பூரின் தளபதி சித்தி ஜௌஹர் முற்றுகையிட்டிருந்தார். மழை வந்தால் படை கலையும் என்பது வழக்கமான கணக்கு. இந்த மனிதர் கொட்டுகிற மழையிலும் அசையவில்லை. பெரிய படையும் சில நேரம் பொறுமை கற்றுக்கொள்ளும் அல்லவா! நாலு மாதம் போயிற்று. சரணடையப் போவதாகச் சொல்லி அனுப்பிவிட்டு, ஜூலை மாதத்து மழை இரவில் சில நூறு பேரோடு சிவாஜி வெளியேறினார். இன்னொரு பல்லக்கில் அவரைப் போலவே உடையணிந்து, சிவா காஷித் என்பவர் வேறு பாதையில் போனார். சாதியால் நாவிதர். முகச்சாயல் மன்னரைப் போல இருக்கும். பிடிபட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தேதான் பல்லக்கில் ஏறினார். பிடிபட்டார், கொல்லப்பட்டார். அந்த நேரத்துக்குள் மற்றவர்கள் வெகுதூரம் போய்விட்டார்கள்.

அப்புறமும் எதிரிக் குதிரைகள் துரத்தி வந்தன. விசால்கட் கோட்டைக்குப் போகும் வழியில், ஒரு குறுகிய கணவாயில், பாஜி பிரபு தேஷ்பாண்டே சுமார் 300 பேரோடு நின்றுகொண்டார். மன்னர் கோட்டை சேர்ந்ததும் பீரங்கி வெடிக்கும், அதுவரை தாங்க வேண்டும் என்பது ஏற்பாடு. விசால்கட்டையும் எதிரிகள் சூழ்ந்திருந்தார்கள். அவர்களை உடைத்துக்கொண்டுதான் சிவாஜி உள்ளே போக முடிந்தது. அதனால் நேரமாகியது. பீரங்கிச் சத்தம் கேட்ட பிறகே பாஜி பிரபு கண்ணை மூடினார் என்கிறார்கள். குதிரைக் கணவாய் என்றிருந்த அந்த இடத்துக்கு அதன்பின் புனிதக் கணவாய் என்று பேர் வந்தது. சிவாஜி புகழை நாம் பாடுகிறோம். எனக்கு என்னவோ அந்த நாவிதரின் நினைவுதான் அடிக்கடி வருகிறது.

புனாவில் தான் சிறுவயதில் வளர்ந்த வீட்டிலேயே ஔரங்கசீப்பின் தாய்மாமன் சாயிஸ்தகான் குடியேறியபோது, 1663இல் ஓர் இரவில் சிறு கூட்டத்தோடு உள்ளே புகுந்ததும், கானின் விரல்கள் வெட்டுப்பட்டதும், பிறகு அவரை வங்காளத்துக்கு மாற்றியதும் எல்லாருக்கும் தெரிந்த கதை. அடுத்த ஆண்டு சூரத் துறைமுகத்தைக் கொள்ளையிட்டார். இதில் எனக்குச் சங்கடம் உண்டு. முகலாயரின் கஜானாவைக் குறிவைத்தார் என்று காரணம் சொல்லலாம். ஆனால் அன்று வீடு எரிந்து நின்ற சூரத்து மக்கள் அவருக்கு என்ன தீங்கு செய்தார்கள்? புகழ்ந்து எழுதுகிறவர்கள் இதை வேகமாகத் தாண்டிப் போய்விடுவார்கள். தாண்டக் கூடாது.

இனி வருவதுதான் கதையின் முக்கியமான கட்டம். 1665இல் ஔரங்கசீப் அனுப்பிய ராஜா ஜெய்சிங் மற்றவர்களைப் போல மலைக்குள் துரத்திக்கொண்டு போகவில்லை. அவர் ஒரு ராஜபுத்திரர். சிவாஜியின் போர் இந்துவுக்கும் முஸ்லிமுக்கும் நடந்த சண்டை என்று ஒரே வரியில் சொல்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். முகலாயர் படையில் ராஜபுத்திரரும் மராட்டியரும் நிறைய உண்டு. சிவாஜியின் கப்பற்படையில் தௌலத்கான் என்ற தளபதி இருந்தார்.

ஜெய்சிங் ஆழமாக யோசித்தார். மலைக்கோட்டையில் ஒளிகிறவனுக்குச் சோறு எங்கிருந்து வருகிறது? அடிவாரத்துக் கிராமங்களிலிருந்து. ஆகவே ஒரு பக்கம் புரந்தர் கோட்டையை முற்றுகையிட்டார். மறுபக்கம் குதிரைப்படைகளை ஏவிக் கிராமம் கிராமமாக எரிக்கச் செய்தார். வீரனுக்கு மலை உண்டு, ஓடலாம். விதைத்த வயலும் கட்டிய மாடும் கைக்குழந்தையும் எங்கே ஓடும்?

இதை நம்ம தோட்டத்துப் பெரியவர்களுக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை. 1948 முதல் 1960 வரை மலாயாவில் அவசரகாலம் இருந்தபோது, சிதறியிருந்த லயங்களை ஒன்றாகச் சேர்த்து முள்வேலி போட்டதையும், வேலைக்குப் போகும்போது அரிசி கொண்டுபோகிறார்களா என்று வாசலில் சோதித்ததையும், இருட்டியபின் காட்டிலிருந்து வந்து கதவைத் தட்டியவர்களையும் பற்றித் தாத்தா பாட்டிகள் சொல்லக் கேட்டவர்கள் நம்மில் பலர். இருபக்கமும் துப்பாக்கி. நடுவில் சோற்றுப்பானை. மூன்று நூற்றாண்டுக்கு முன்னால் புரந்தர் அடிவாரத்தில் நின்ற குடியானவனும் அப்படித்தான் நின்றான்.

புரந்தரில் முரார்பாஜி என்ற கோட்டைத் தலைவர் போரிட்டு மாண்டார். சிவாஜி நிலைமையைப் பார்த்தார். இன்னும் சில வருடம் அவரால் மலையில் ஓடி ஒளிந்து காலம் தள்ளியிருக்க முடியும். அவரை நம்பிய ஊர்கள் மிஞ்சியிருக்குமா? ஜெய்சிங்கின் கூடாரத்துக்குத் தாமே நடந்து போனார். 23 கோட்டைகளைக் கொடுத்துவிட்டு 12ஐ மட்டும் வைத்துக்கொள்ள உடன்பட்டார். வெற்றிகளைப் பற்றி எத்தனையோ எழுதிவிட்டார்கள். இந்தப் பணிவுக்கு எத்தனை துணிச்சல் வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

1666இல் ஆக்ராவுக்குப் போய், அங்கே காவலில் வைக்கப்பட்டு, பழக்கூடை கதையோடு தப்பி வந்தார். வந்ததும் உடனே வாளை உருவவில்லை. மூன்று ஆண்டுபோல நாட்டைச் சீர்படுத்தினார். 1670இல் இழந்த கோட்டைகளை ஒவ்வொன்றாகத் திரும்பப் பிடிக்கத் தொடங்கினார். சிங்ககட் கோட்டையின் செங்குத்துப் பாறையில் இருட்டில் ஏறி, கோட்டையைப் பிடித்துக் கொடுத்து உயிரை விட்டவர் தானாஜி மாலுசரே.

ஜெய்சிங் கற்றுக்கொடுத்த பாடத்தை அவர் மறக்கவில்லை என்பதற்கு ஒரு கடிதம் சாட்சி. 1670களில் சிப்ளூணில் தங்கியிருந்த தன் குதிரைப்படைக்கு அவர் எழுதியது. அதில் போரைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. தானியத்தையும் புல்லையும் இப்போதே தீர்த்துவிட்டால் மழைக்காலத்தில் குதிரை பட்டினி கிடக்கும், பிறகு நீங்கள் குடியானவர்களின் வீட்டில் கைவைப்பீர்கள், அவர்கள் முகலாயர் வந்ததைவிட இது மோசம் என்பார்கள் என்று எழுதுகிறார். கொட்டகையில் அடுப்பு மூட்டுவது, புகை பிடிப்பது, இரவில் விளக்கை எரியவிட்டுத் தூங்குவது, எரிகிற திரியை எலி இழுத்துக்கொண்டு போய் வைக்கோலில் தீப்பிடிப்பது வரை எச்சரிக்கை செய்கிறார். நம்ம பள்ளி விடுதிக்கு எழுதிய கடிதம் மாதிரி இருக்கிறது! மன்னர் எலியைப் பற்றி யோசித்தார் பாருங்கள். குடியானவன் கதவைச் சாத்தினால் தன் போர் அன்றோடு முடிந்தது என்று அவருக்குத் தெரியும்.

ஒழுங்கு விதிகளும் கண்டிப்பானவை. படையெடுப்பில் பெண்களைக் கூட்டிவரக் கூடாது. கைப்பற்றிய பொருளுக்கு எல்லாம் கணக்குக் காட்ட வேண்டும். ஒவ்வொரு கோட்டையிலும் சம அந்தஸ்தில் மூன்று அதிகாரிகள், அதுவும் ஒரே சாதிக்காரர்களாக இல்லாமல். ஒருவர் எதிரியிடம் விலைபோனாலும் மற்ற இருவர் விடமாட்டார்கள். மழைக்காலத்தில் படை வீடு திரும்பும். தசராவில் மறுபடி புறப்படும்.

எப்போதும் மறைந்தே போரிட்டார் என்பதும் சரியில்லை. 1672இல் சால்ஹேர் என்ற இடத்தில் அவருடைய தளபதிகள் முகலாயப் படையைத் திறந்த வெளியில் நேருக்கு நேர் மோதித் தோற்கடித்தார்கள். ஆள், குதிரை, தருணம் மூன்றும் கூடிவந்தபோது நேர்ப்போர். கூடாதபோது மலை. எப்போது எது என்று தெரிவதுதான் கடினம். அது தவறிய கதையும் ஒன்று உண்டு. குதிரைப்படைத் தலைவர் பிரதாப்ராவ் குஜர், பீஜப்பூர்த் தளபதி பஹ்லோல்கானின் படைக்குத் தண்ணீர் கிடைக்காமல் மடக்கி, பிறகு கெஞ்சியதற்கு இரங்கி விட்டுவிட்டார். அவன் மறுபடி நாட்டுக்குள் புகுந்தான். சிவாஜி கடுங்கோபத்தோடு கடிதம் எழுதினார், அவனை முறியடிக்காமல் என் முகத்தில் விழிக்காதே என்று. ரோஷக்கார மனிதர் அல்லவா! 1674 பிப்ரவரியில், நேசரி என்ற ஊருக்கு அருகே எதிரியைக் கண்டதும், பின்னால் வரும் படைக்குக் காத்திராமல், ஆறே பேரோடு குதிரையைத் தட்டிவிட்டார். ஏழு பேரும் மாண்டார்கள். மராட்டிய நாட்டில் அதை வீரம் என்று பாடுகிறார்கள். வீரம்தான். ஆனால் சிவாஜி முப்பது வருடமாகக் கற்பித்ததற்கு நேர் எதிரானதும் அதுதான். தன்னுடைய ஒரு கடிதம் ஒரு நல்ல தளபதியைக் கொன்றுவிட்டதே என்று அவர் நெஞ்சு எப்படித் துடித்திருக்கும்! பிரதாப்ராவின் மகளைத் தன் இளைய மகன் ராஜாராமுக்கு மணமுடித்து வைத்தார்.

அதே ஆண்டு ஜூன் 6ஆம் நாள் ராய்கட்டில் முடிசூட்டு விழா. பதினொரு நாளில் தாய் ஜீஜாபாய் காலமானார். பார்த்துவிட்டுத்தான் போனார்.

1677இல் தெற்கே வந்தார். நம்மில் பலருடைய பாட்டன் பூட்டன் கப்பலேறி வந்த வட ஆற்காடு, தென்னாற்காடு, தஞ்சைச் சீமைகளுக்குத்தான். செஞ்சிக் கோட்டை அந்த ஆண்டே வசமாயிற்று. வேலூர்க் கோட்டை ஓராண்டுக்கு மேல் தாக்குப்பிடித்தது. தஞ்சையை ஆண்ட ஏகோஜி அவருடைய மாற்றாந்தாய் மகன். கொள்ளிடக் கரையில் இருவரும் சந்தித்தும் பாகப்பிரிவினைத் தகராறு தீரவில்லை. தமிழ்நாட்டு விவசாயிக்கும் அந்தப் படையெடுப்பு இனித்ததில்லை, வரிச்சுமை பலமாக இருந்தது. ஆனாலும் செஞ்சியின் மதில்களைப் பணத்தைக் கொட்டி அவர் பலப்படுத்தியது ஏன் என்று அன்று பலருக்கும் விளங்கியிருக்காது. சொந்த மலை கைவிட்டுப் போனால் ஓடிவந்து நிற்க ஓர் இடம் வேண்டுமே!

1680 ஏப்ரல் 3ஆம் நாள் ராய்கட்டில் சிவாஜி இறந்தார். வயது 50. அடுத்த ஆண்டே ஔரங்கசீப் தன் பெரும் படையோடு தக்காணத்துக்கு வந்துவிட்டார். சிவாஜியின் மூத்த மகன் சம்பாஜி பிடிபட்டு 1689இல் கொல்லப்பட்டார். ராய்கட்டும் விழுந்தது. இளைய மகன் ராஜாராம் மாறுவேடத்தில் தப்பித் தெற்கே ஓடிவந்தார். எங்கே? அப்பா கட்டிவைத்த செஞ்சிக்கு. முகலாயப் படை 1690இல் வந்து சூழ்ந்தது. கோட்டையைப் பிடிக்க 1698 ஆயிற்று. பிடித்தபோது ராஜாராம் உள்ளே இல்லை. இதற்கிடையில் சந்தாஜி, தனாஜி என்ற தளபதிகள் முகலாயரின் தானிய வண்டிகளையும் கஜானாவையும் வழிநெடுக மறித்துக்கொண்டிருந்தார்கள். ராஜாராம் இறந்தபின் அவர் மனைவி தாராபாய் போரை நடத்தினார். கோட்டை கோட்டையாக ஏறிக் கிழவராகிவிட்ட ஔரங்கசீப், டெல்லிக்குத் திரும்பாமலே 1707இல் அகமதுநகரில் கண்மூடினார்.

ஊருக்குப் போகிற பெற்றோர்கள் திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை சாலையில் போனால் செஞ்சி வரும். மூன்று குன்றுகள், அவற்றை இணைக்கும் நீண்ட மதில், உள்ளே நெற்களஞ்சியம், ஆனைக்குளம். மராட்டியரின் கோட்டைகள் 12ஐ யுனெஸ்கோ நிறுவனம் 2025ஆம் ஆண்டு உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில். பன்னிரண்டாவது இந்தச் செஞ்சி. ராஜகிரி உச்சிக்குப் படிகள் அதிகம், பிள்ளைகளைக் கூட்டிப்போனால் வெயில் ஏறுமுன் ஏறிவிடுங்கள். தண்ணீரும் கையில் இருக்கட்டும்.